மென்பொருள் தொழிலுக்கு எந்தக் கணிதம்? ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் காட்டும் வழி

பெங்களூரு மாநகரில் கோரமங்கலத்தை அடுத்து அமைந்துள்ள விவேக் நகர், தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழும் பகுதிகளுள் ஒன்றாகும். அண்டையிலும் அப்பாலும் மென்பொருள் நிறுவனங்கள் மலிந்திருப்பதால், அப்பகுதி இளைஞர்களுள் கணிசமானோர் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலில் அமர்ந்துள்ளனர். தொழிலில் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர் இவர்களுள் சிலருக்கு ஒரு விருப்பம் எழுவதுண்டு. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்த கணிதத்தை விடுத்து, எண்ணும் உருவமும் அல்லாத அமைப்புகளையே ஆராயும் அருவக் கணிதத்தைச் சிறிதேனும் கற்க வேண்டும் என்பதே அது. ஆனால் கிளைகளோ பல. குலக் கோட்பாடு, வளையங்களும் களங்களும், எண் கோட்பாடு, தருக்கவியல், இடத்தியல், வகைமைக் கோட்பாடு என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அலுவலிலிருந்து திரும்பிய பின் கிடைப்பதோ ஒரு மணி நேரம். தவறான கிளையைப் பற்றிக்கொண்டால் ஆறு திங்கள் வீணாவதுடன், கணிதமே நமக்கு ஆகாது என்ற சலிப்பும் ஏற்பட்டுவிடும்.

இவ்வினாவை இவ்விளைஞர்கள் தம் பழைய ஆசிரியர்களிடம் கேட்பதும் உண்டு. எந்தக் கிளை உயர்ந்தது, எது ஆழமானது என்ற வாதத்தில் இறங்கினால் முடிவு காண இயலாது. வேறொரு வழி உளது. நம் நாட்டில் ஏற்கெனவே நடந்தேறிய ஒரு மென்பொருள் பணியை எடுத்துக்கொண்டு, அதில் எந்தக் கணிதம், எந்த இடத்தில், எதற்காகத் தேவைப்பட்டது என்று பார்ப்பதே அவ்வழியாகும். அதற்கு உகந்த எடுத்துக்காட்டு நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.

பன்னிரண்டாம் இலக்கம்

இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுவப்பெற்றது. அதன் தொழில்நுட்ப மையம் பெங்களூரிலேயே உள்ளது. முதல் ஆதார் எண் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த டெம்ப்ளி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னரே, இவ்வெண் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விளக்கும் அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டிருந்தது. அதன்படி எண்ணில் 12 இலக்கங்கள். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இராது. பிறந்த ஊர், மாநிலம், வகுப்பு முதலிய எந்தச் செய்தியும் எண்ணுக்குள் பொதிந்திராது. முதல் 11 இலக்கங்கள் எவ்வித ஒழுங்குமின்றித் தெரிவு செய்யப்படும். பன்னிரண்டாவது இலக்கம் மட்டும் முன்னுள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும். இதனைச் சரிபார்ப்பு இலக்கம் என்பர்.

இதன் பயன் களப் பணியாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்திலோ, உர மானியப் பட்டியலிலோ, நூற்றுக்கணக்கான எண்களை ஒருவர் கையால் எழுத, மற்றொருவர் அதைப் பார்த்து விசைப்பலகையில் தட்டுகிறார். ஓர் இலக்கம் பிசகினால் ஒரு மூதாட்டியின் உதவித்தொகை நின்றுபோகும், அல்லது வேறொருவர் கணக்குடன் பிணைந்துபோகும். பிசகு நேர்ந்த அக்கணத்திலேயே, எண்ணைத் தட்டியவர் இருக்கையை விட்டு எழுமுன்பே, பொறி அதைச் சுட்டிக்காட்டுமாயின் அதனினும் மலிவான தீர்வு வேறில்லை.

மனிதர்கள் எண்களை எழுதும்போது எத்தகைய பிழைகள் செய்கின்றனர்? நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஜேகபஸ் வெர்ஹூஃப் தம் நாட்டு அஞ்சல் துறையிலிருந்து இத்தகைய பிழைகளைத் திரட்டி ஆராய்ந்து, 1969-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிழைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 79, ஒரே ஓர் இலக்கம் வேறொன்றாக மாறுவதால் நேர்பவை. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் தம்முள் இடம் மாறுவதால் நேர்பவை நூற்றுக்கு ஏறத்தாழ 10. ஏனைய வகைகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே. ஆகவே சரிபார்ப்பு விதி ஒன்றிடம் நாம் எதிர்பார்ப்பது இரண்டு: ஓர் இலக்கப் பிழை அனைத்தையும் அது பிடிக்க வேண்டும், அண்டை இலக்கங்களின் இடமாற்றம் அனைத்தையும் பிடிக்க வேண்டும். அதுவும் 0 முதல் 9 வரையுள்ள பத்து இலக்கங்களை மட்டுமே கொண்டு செய்ய வேண்டும்.

நிரல் எழுதுபவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எந்த விதி கொடுக்கப்பட்டாலும் அதை நிரலாக்குவது அரை மணி நேர வேலைதான். எந்த விதியை எழுதுவது என்பதே வினா. இவ்வினாவுக்கு விடை நிரல் மொழிகளின் கையேட்டில் இல்லை.

கூட்டல் ஏன் தோற்கிறது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கூட்டல். இலக்கங்கள் அனைத்தையும் கூட்டி, தொகையின் ஒன்றாம் இட இலக்கத்தைக் கொண்டு சரிபார்ப்பு இலக்கத்தை அமைக்கலாம். ஓர் இலக்கம் மாறினால் தொகையும் மாறும், பிழை புலப்படும். ஆனால் 47 என்பதை 74 என்று எழுதினாலும் தொகை 11 தான். இடமாற்றப் பிழை ஒன்றுகூட அகப்படாது.

இதைத் திருத்த, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இடங்களில் உள்ள இலக்கத்தை வேறோர் இலக்கமாக மாற்றிவிட்டுப் பின்னர் கூட்டலாம். வங்கி அட்டைகளில் வழங்கும் விதி இதுவே. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பாருக்கு 1960-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. குறித்த இடங்களில் உள்ள இலக்கத்தை இரட்டிக்க வேண்டும். 9-க்கு மேற்பட்டால் 9-ஐக் கழிக்க வேண்டும். அதாவது 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9 என்பவை முறையே 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9 ஆகின்றன. இவ்விதி இடமாற்றப் பிழைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் பிடிக்கிறது. ஒன்றை மட்டும் தவறவிடுகிறது: 09 என்பது 90 ஆனாலும், 90 என்பது 09 ஆனாலும் அதற்குத் தெரிவதில்லை.

இரட்டிப்பதற்குப் பதிலாக வேறொரு மாற்று அட்டவணையைக் கையாண்டால் இக்குறை நீங்காதா? பத்து இலக்கங்களை வரிசை மாற்றி அமைக்கும் வழிகள் 36,28,800. அவற்றுள் ஒன்றேனும் குறையற்றதாக இருக்கக்கூடாதா? பொறியிடம் விட்டால் சில நொடிகளில் அனைத்தையும் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். ஆனால் ஏன் இல்லை என்று அது சொல்லாது. காரணத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிந்துகொள்ளலாம்.

மாற்று அட்டவணையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும், அது மாறிப் பெறும் இலக்கத்திலிருந்து அதனையே கழித்து வரும் வித்தியாசத்தை எழுதுக. எதிர்ம விடை வந்தால் 10-ஐக் கூட்டிக்கொள்க. இரு இலக்கங்களுக்கு ஒரே வித்தியாசம் வருமாயின், அவ்விரண்டும் இடம் மாறும்போது தொகை மாறாது, பிழை தப்பிவிடும். ஆகவே குறையற்ற அட்டவணையில் பத்து வித்தியாசங்களும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். அதாவது அவை 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வருமாறு அமைதல் வேண்டும். அவற்றின் தொகை 45. ஒன்றாம் இடத்தில் 5. ஆனால் மாறிப் பெற்ற இலக்கங்களின் தொகையும் 45, மூல இலக்கங்களின் தொகையும் 45. வித்தியாசங்களின் தொகை, இவ்விரு 45-களின் வித்தியாசமாகிய 0-இல் முடிய வேண்டும். ஒரே தொகை 5-இலும் 0-இலும் முடிதல் இயலாது. எனவே குறையற்ற அட்டவணை இல்லவே இல்லை.

லூன் விதியில் இதைச் சரிபார்க்கலாம். வித்தியாசங்கள் 0, 1, 2, 3, 4, 6, 7, 8, 9, 0. ஐந்து வரவேயில்லை, பூஜ்யம் இருமுறை வருகிறது, ஒருமுறை 0-க்கும் மறுமுறை 9-க்கும். தப்பிச் செல்லும் பிழை எது என்பதையும் கணக்கே காட்டிவிடுகிறது.

இம்மூன்று வரி நிறுவலின் மதிப்பை நிரலாளர் நன்குணர வேண்டும். இயலாத ஒன்றைத் தேடி அலையும் உழைப்பை அது தடுக்கிறது. அத்துடன், தடை எங்கே உளது என்பதையும் காட்டுகிறது. பத்து இலக்கங்களை, பத்தால் வகுத்த மீதியைக் கொண்டு கூட்டும் முறையிலேயே தடை உளது. ஆகவே மாற்ற வேண்டியது அட்டவணையை அன்று. கூட்டலையே மாற்ற வேண்டும்.

ஐங்கோணத்தின் குலம்

கூட்டலுக்குப் பதிலாக வேறு எதைக் கொள்வது? இங்கேதான் குலக் கோட்பாடு உதவிக்கு வருகிறது. சில உறுப்புகளும், இரு உறுப்புகளைச் சேர்த்து மற்றோர் உறுப்பைப் பெறும் ஒரு செயலும் இருந்து, அச்செயல் சேர்ப்பு விதிக்கு உட்பட்டு, ஒன்றையும் மாற்றாத உறுப்பு ஒன்றும், ஒவ்வோர் உறுப்பின் விளைவையும் நீக்கும் நேர்மாறும் அமையுமாயின், அத்தொகுதி குலம் எனப்படும். பத்தால் வகுத்த மீதிக் கூட்டல் இத்தகைய ஒரு குலம். பத்து உறுப்புகள் கொண்ட வேறு குலங்கள் உண்டா எனில், ஒன்றே ஒன்று உண்டு. அமைப்பால் வேறுபட்ட பத்துறுப்புக் குலங்கள் இரண்டுக்கு மேல் இல்லை என்பது நவீன இயற்கணிதத்தின் தொடக்கப் பாடங்களிலேயே நிறுவப்படுவது. முதலாவது தோற்றுவிட்டது என்று மேலே கண்டோம். எஞ்சியிருப்பது இரண்டாவது. வெர்ஹூஃப் கைக்கொண்டது அதனையே. அவருக்கு முன்னர் பத்து இலக்கங்களைக் கொண்டே இரு வகைப் பிழைகளையும் முற்றாகப் பிடித்தல் ஆகாது என்றே கருதப்பட்டு வந்தது.

அவ்விரண்டாவது குலத்தை அட்டைத் துண்டு ஒன்றால் வகுப்பில் காட்டலாம். ஒழுங்கான ஐங்கோணம் ஒன்றை வெட்டி, மேல் முனையில் தொடங்கி வலஞ்சுழியாக அ, ஆ, இ, ஈ, உ என்று குறிக்க. பின்புறத்திலும் அதே முனைகளில் அதே எழுத்துகளை எழுதுக. ஐங்கோணம் தன் இடத்திலேயே மீண்டும் பொருந்துமாறு அதை நகர்த்தும் வழிகள் பத்து: சும்மா விடுவதையும் சேர்த்துச் சுழற்சிகள் ஐந்து, கவிழ்த்தல்கள் ஐந்து. இப்போது அட்டையை வலஞ்சுழியாக ஒரு முனையளவு சுழற்றி, பின்னர் நிமிர்ந்த அச்சைப் பற்றிக் கவிழ்க்க. மேலே நிற்பது 'உ'. மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்ந்து, முதலில் கவிழ்த்துப் பின்னர் அதே திசையில் சுழற்றுக. மேலே நிற்பது 'ஆ'. செயல்களின் வரிசை மாறினால் முடிவு மாறுகிறது. கூட்டலுக்கு இல்லாத இப்பண்பே இடமாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி.

சுழற்சிகளுக்கு 0 முதல் 4 வரையும், கவிழ்த்தல்களுக்கு 5 முதல் 9 வரையும் பெயரிட்டால், இரு இலக்கங்களைச் சேர்க்கும் விதி இவ்வாறு அமையும். இரண்டும் 5-க்குக் குறைந்தவையாயின், கூட்டி 5-ஆல் வகுத்த மீதியைக் கொள்க. முதலாவது மட்டும் 5-க்குக் குறைந்ததாயின், கூட்டுக. தொகை 9-ஐ மிஞ்சினால் 5-ஐக் கழிக்க. இரண்டாவது மட்டும் 5-க்குக் குறைந்ததாயின், முதலாவதிலிருந்து அதைக் கழிக்க. விடை 5-க்குக் குறைந்தால் 5-ஐக் கூட்டுக. இரண்டுமே 5-க்குக் குறையாதவையாயின், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க. விடை எதிர்மமாயின் 5-ஐக் கூட்டுக. இவ்விதிப்படி 1-உடன் 5 சேர்ந்தால் 6. 5-உடன் 1 சேர்ந்தால் 9.

இது மட்டும் போதாது. சுழற்சிகள் இரண்டு தம்முள் வரிசை மாறினாலும் முடிவு மாறாதன்றோ? ஆதலால் வெர்ஹூஃப் ஒரு மாற்று அட்டவணையையும் சேர்த்தார். அதில் 0, 1, 5, 8, 9, 4, 2, 7 என்னும் எட்டு இலக்கங்களும் ஒரு வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்ததாக மாறும், 7 மீண்டும் 0 ஆகும். எஞ்சிய 3-உம் 6-உம் தம்முள் மாறிக்கொள்ளும். வலக்கோடி இலக்கத்துக்கு இம்மாற்றத்தை ஒருமுறையும், அதற்கடுத்ததற்கு இருமுறையும், அதற்கடுத்ததற்கு மும்முறையும் என்று செய்துகொண்டே சென்று, கிடைப்பவற்றை வலமிருந்து இடமாகச் சேர்க்க வேண்டும். முடிவில் வரும் இலக்கத்துடன் எதைச் சேர்த்தால் 0 கிடைக்குமோ, அதுவே சரிபார்ப்பு இலக்கம்.

சிறியதோர் எண்ணைக் கொண்டு செய்து பார்ப்போம். எண் 236. வலக்கோடியில் உள்ள 6 ஒருமுறை மாறி 3 ஆகிறது. நடுவிலுள்ள 3 இருமுறை மாறி, முதலில் 6, பின்னர் 3. இடக்கோடியிலுள்ள 2 மும்முறை மாறி 7, 0, 1. இனி 3-உடன் 3 சேர்ந்தால் 1. அத்துடன் 1 சேர்ந்தால் 2. இரண்டுடன் 3 சேர்ந்தால் 0 வரும். ஆகவே சரிபார்ப்பு இலக்கம் 3. முழு எண் 2363. இப்போது முதல் இரு இலக்கங்களும் இடம் மாறி 326 ஆகிவிட்டது என்க. ஆறு முன்போலவே 3 ஆகிறது. 2 இருமுறை மாறி 0 ஆகிறது. 3 மும்முறை மாறி 6 ஆகிறது. மூன்றுடன் 0 சேர 3, அத்துடன் 6 சேர 9. ஒன்பதுடன் 9 சேர்ந்தால்தான் 0. ஆகவே 326-க்கு உரிய சரிபார்ப்பு இலக்கம் 9. எழுதப்பட்டிருப்பதோ 3. பிழை பிடிபட்டது.

பத்து இலக்கங்களுடன் பதினோராவது குறி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள ஒப்பினால் எளிய வழி ஒன்றும் உண்டு. பழைய பத்திலக்க நூல் எண்களில் கடைசியில் சில வேளை எக்ஸ் என்னும் எழுத்து வந்ததை நூலகங்களில் பணிபுரிவோர் அறிவர். 11 பகா எண் ஆதலால், 11-ஆல் வகுத்த மீதிகள் களம் என்னும் சிறந்த அமைப்பாகின்றன. வெறும் பெருக்கலும் கூட்டலுமே அங்குப் போதும். 2007 முதல் நூல்களுக்குப் பதின்மூன்று இலக்க எண் வந்தபோது எக்ஸ் மறைந்தது. அதனுடன் முழுமையான இடமாற்றக் காப்பும் மறைந்தது. 5 வித்தியாசமுள்ள அண்டை இலக்கங்கள், எடுத்துக்காட்டாக 1-உம் 6-உம், இடம் மாறினால் புதிய விதிக்குத் தெரியாது. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது. எதை விடுகிறோம் என்று அறிந்து விடுவதற்கே கணிதம் வேண்டும்.

பிற கிளைகளின் நிலை

ஆகவே என் கருத்து இது: மென்பொருளாளர் ஒருவர் தம் தொழிலில் எவ்வகைப் பிழை நேரவே கூடாது என்று கருதுகிறாரோ, அப்பிழையைத் தடுக்கும் அமைப்பு எக்கிளையில் ஆராயப்படுகிறதோ அக்கிளையைக் கற்க வேண்டும். கிளையின் புகழைக் கொண்டு தெரிவு செய்தல் தகாது. தம் தேவை இன்னும் தெளிவுபடாதவர் குலம், வளையம், களம் என்னும் இயற்கணித அமைப்புகளில் தொடங்கினால் இழப்பொன்றும் இல்லை. ஏனெனில் பிற கிளைகள் பலவற்றுக்கு அதுவே வாசல்.

புகழ் வேறு, பயன் வேறு என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் தீர்மானிக்கும் முறையை, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 2002-இல் கண்டறிந்தனர். உலகெங்கும் கணித அறிஞர்கள் வியந்த சாதனை அது. எனினும் மறைகுறியீட்டுப் பணியில் பெரிய பகா எண்களைத் தேடும் மென்பொருள்கள் பழைய மில்லர்–ராபின் சோதனையையே இன்றும் கையாள்கின்றன. அது முடிவான உறுதி தருவதில்லை. ஆனால் ஐயத்தை வேண்டிய அளவு குறைத்து, மிக விரைவில் விடை தருகிறது. இதனால் மூவரின் சாதனை எள்ளளவும் குறைவுபடவில்லை. கற்பவர் மட்டும் தமக்கு வேண்டியது எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

செய்தி மறைப்பு, மின்னொப்பம் முதலிய துறைகளில் உழைப்பவர்க்கு எண் கோட்பாடு இன்றியமையாதது. 1977-இல் தோன்றிய ஆர்எஸ்ஏ முறையைப் புரிந்துகொள்ள, மீதி எண்களின் பெருக்கற் குலம் பற்றிய ஆய்லரின் தேற்றமே போதும். 1985-இல் முன்மொழியப்பட்ட நீள்வட்ட வளைவு முறைக்கு இன்னும் சிறிது தூரம் செல்ல வேண்டும். அமெரிக்க நாட்டின் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய மறைகுறியீட்டுத் தரங்கள் மூன்றில் இரண்டு, பல பரிமாணப் புள்ளிப் பின்னல்கள் பற்றிய கணிதத்தை அடிப்படையாகக் கொண்டவை. இத்துறையில் இறங்குவோருக்கு இனி அதுவும் வேண்டும்.

சேமிப்பு, செய்தி அனுப்புதல் ஆகியவற்றில் பிழையைக் கண்டறிவதுடன் நில்லாமல் பிழையைத் திருத்தவும் வேண்டுமாயின், முடிவுறு களங்களைக் கற்க வேண்டும். காய்கறிக் கடையில் பணம் செலுத்த ஒட்டப்பட்டிருக்கும் கட்டக் குறியீடு ஓரம் கிழிந்தும் கறை படிந்தும் இருந்தாலும் படிக்கப்படுவது, 256 உறுப்புகள் கொண்ட ஒரு களத்தில் நடைபெறும் ரீட்–சாலமன் கணக்கினால்தான். அதே குறியீட்டின் வடிவச் செய்தியைக் காப்பதற்குப் பயன்படும் மற்றொரு முறையில் இந்தியர் இருவரின் பெயர் உளது. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி 1949-இல் அமெரிக்கா சென்ற இராஜ் சந்திர போஸும், அவருடைய மாணவர் ராய் சௌதுரியும் 1960-இல் அதை வெளியிட்டனர். பிரெஞ்சு அறிஞர் ஹாக்கங்கெம் தனியே 1959-இல் கண்டிருந்தார். போஸ், சிரிகண்டே, பார்க்கர் ஆகிய மூவரும் அதே ஆண்டுகளில் பத்துக்குப் பத்து இலத்தீன் சதுரங்கள் பற்றி ஆய்லர் கூறியிருந்த ஊகத்தைத் தகர்த்தனர். குலம் அல்லாத இலத்தீன் சதுரம் ஒன்றைக் கொண்டே 2004-இல் டாம் என்னும் ஜெர்மானியர், மாற்று அட்டவணை எதுவும் வேண்டாத சரிபார்ப்பு முறையை அமைத்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

தரவுத்தளங்களைக் கையாள்வோருக்குத் தருக்கவியலே முதற்பாடம். கணங்களையும் உறவுகளையும் அடிப்படையாகக் கொண்டு காட் என்பார் 1970-இல் வகுத்த முறையே இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்களில் ஆட்சி செய்கிறது. வயது 30 ஆக இருப்போர், வயது 30 அல்லாதோர் என்று இரு பட்டியல்களைக் கேட்டுப் பெற்று, இரண்டும் சேர்ந்தால் அனைவரும் அடங்கிவிடுவர் என்று எண்ணும் நிரலாளர் ஏமாறுவார். வயது குறிக்கப்படாமல் வெற்றிடமாக உள்ளவர்கள் இரண்டிலுமே வரமாட்டார்கள். அங்கே ஆம், இல்லை, தெரியாது என்னும் மும்மதிப்புத் தருக்கம் நடக்கிறது. நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியலில் இது நேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

பெருந்தரவைப் பல பொறிகளுக்குப் பங்கிட்டுக் கணக்கிடுவோர், குலத்தினும் எளிய அமைப்பாகிய அரைக்குலத்தை அறிந்தால் போதும். சேர்ப்பு விதி பொருந்துமாயின் கணக்கை எங்கு வேண்டுமானாலும் வெட்டிப் பங்கிடலாம். பொருந்தாவிடில் வெட்டும் இடத்துக்கேற்ப விடை மாறும். தசமப் பின்னங்களின் கூட்டலுக்குச் சேர்ப்பு விதி பொருந்தும் என்று பள்ளியில் கற்றோம். கணிப்பொறியின் மிதவைப் புள்ளிக் கூட்டலுக்கு அது பொருந்தாது. 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001 என்றும், கடைசி இரண்டை முதலில் கூட்டினால் 0.6 என்றும் வழக்கமான நிரல் மொழிகள் விடை தரும்.

வகைமைக் கோட்பாட்டைப் பற்றி இளைஞரிடையே பேச்சு மிகுதி. ஐலென்பெர்க், மக்லேன் ஆகியோர் 1945-இல் தோற்றுவித்த இக்கிளை, சார்பு வழி நிரல் மொழிகளுக்கு ஆழ்ந்த பயன் அளித்திருப்பது உண்மையே. ஆயினும் அது அமைப்புகளின் அமைப்பை ஆராய்வது. குலம் எதுவும், களம் எதுவும் கைப்படப் பழகாதவர் அதில் இறங்கினால் சொற்கள் மிஞ்சுமேயன்றிப் பொருள் தங்காது. இரண்டாம் ஆண்டுக்கு அதை ஒத்திவைப்பது நன்று. இடத்தியல் அழகிய துறை. ஆனால் தொழிலுக்காகக் கற்போர் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பொறி வழிக் கற்றலில் நாட்டமுள்ளோர் அருவக் கணிதத்துக்கு முன் நேரியல் இயற்கணிதத்தைச் செம்மையாக முடித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முறை

மீதி எண் கணிதம், வரிசை மாற்றங்கள், உருவங்களின் சமச்சீர்மை என்னும் மூன்றையும் முதல் இரு திங்களில் கைப்பழக்கமாக்கிக்கொண்டு, அதன் பின்னரே குலத்தின் வரையறைக்கு வருவது நலம். கல்லூரிகளில் வழங்கும் ஹெர்ஸ்டைனின் நூல் (1964) தனியே கற்போருக்குக் கடினமே. எனினும் அதன் பயிற்சிக் கணக்குகள் ஒப்பற்றவை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தில் நவீன இயற்கணித விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

நிரலாளருக்கு ஒரு வசதி உண்டு. கற்பதை உடனே நிரலாக்கிச் சோதிக்கலாம். மேலே கூறிய ஐங்கோண விதியை எழுதி, பத்து இலக்கங்களில் எம்மூன்றை எடுத்தாலும் சேர்ப்பு விதி பொருந்துகிறதா என்று 1,000 மும்மைகளையும் சோதிப்பது நல்ல முதற்பயிற்சி. பின்னர் 3-உம் 6-உம் மாறிக்கொள்வதைத் தடுத்து, அவற்றை அப்படியே விட்டால் இடமாற்றப் பிழைகளில் ஏதேனும் தப்புகிறதா என்று பார்க்கலாம். பள்ளி ஆசிரியர்கள் பொறியின்றியே, மாணவர்களுக்கு ஆளுக்கொரு மூவிலக்க எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பு இலக்கத்தைக் காணச் செய்யலாம். மாணவரின் சொந்த ஆதார் எண்ணைக் கரும்பலகையில் எழுதச் செய்தல் மட்டும் கூடாது.

களப் பணியாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. சரிபார்ப்பு இலக்கம் பொருந்தியது என்பதால் அவ்வெண் எவருக்கேனும் வழங்கப்பட்டது என்றோ, எதிரில் நிற்பவருக்கே உரியது என்றோ ஆகிவிடாது. மனம்போன போக்கில் எழுதிய பன்னிரண்டு இலக்கங்களும் பத்தில் ஒருமுறை சோதனையில் தேறிவிடும். விதிக்கு உட்பட்டு அமையக்கூடிய எண்கள் 8,000 கோடி. வழங்கப்பட்டவை அவற்றில் மிகச் சிறு பகுதியே. மாறாக, பொறி எண்ணை ஏற்க மறுக்குமாயின் எங்கோ ஓர் இலக்கமேனும் பிசகியிருப்பது உறுதி. அப்போது எண்ணை முழுதும் மீண்டும் தட்டுவதற்கு முன், அட்டையையும் படிவத்தையும் அருகருகே வைத்து ஒவ்வோர் இலக்கத்தையும் ஒப்பிடுக. முதலில் 1-ஐயும் 7-ஐயும் போல வடிவில் மயங்கும் இலக்கங்களையும், அடுத்து அண்டை இலக்கங்களின் வரிசையையும் பார்த்தால், பெரும்பாலும் அங்கேயே பிழை அகப்பட்டுவிடும்.